ஒய்யாளியின் காலி முன்சீட்

காஞ்சிபுரத்தில் இதுவரை கார் ஓட்டியவர்களிலேயே, சாலையில் குழியைக் கண்டு முகம் மலர்ந்த ஒரே மனிதர் எங்கள் ஒய்யாளிதான். மற்றவர்கள் குழியைப் பார்த்தால் வளைத்து ஓட்டுவார்கள், அல்லது ரோடு போட்டவரின் குடும்பத்தை விசாரிப்பார்கள். ஒய்யாளி நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மேடம், ரெடியா?" என்று கேட்பார். நான் ஒரு நாளும் ரெடியாக இருந்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் தலை காரின் கூரையில் போய் இடித்துவிட்டு வந்திருக்கும்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபமெல்லாம் முதல் மழைக்காலத்தோடு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு எனக்கு வந்தது, பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபின் வருமே, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்கிற நிதானம். அந்த நிதானத்தோடுதான் தினமும் காலையில் புடவை கட்டினேன், சாப்பாடு கட்டினேன், வாசலில் போய் நின்றேன். அவர் ஓய்வு பெற்றபின் இப்போது பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸும் குழியில் விழத்தான் செய்கிறது. யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் செங்கல்பட்டில் இருக்கிறது. என் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அதே ஆபீஸில் கணக்கு பார்த்த டேவிட்டின் வீடு ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில். பழைய பாலிசிக் காகிதங்களை அடுக்கி வைக்கும் ரெக்கார்டு பிரிவில் இருந்த ஒய்யாளிக்கு வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் மூவரில் கார் வைத்திருந்தவர் அவர்தான். ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு, திரும்பும் வழியில் டேவிட்டை ஏற்றிக்கொண்டு, வாலாஜாபாத் வழியாக ஆபீஸுக்குக் கூட்டிப்போவார். பெட்ரோலுக்கென்று எதுவும் வாங்க மாட்டார். வாங்கியிருந்தாலாவது உரிமையோடு திட்டியிருக்கலாம். ஓசியில் கிடைத்த முதுகுவலியை எங்கே போய்ப் புகார் சொல்வது?

நடுவில் ஒருமுறை தப்பிக்கப் பார்த்தேன். அலைச்சல் வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், எனக்கு முன்னால் அவருடைய கார் அங்கே நின்று லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதே என்று கவலைப்பட்டு வந்தாராம். அந்தக் கவலை அவ்வளவு நிஜமாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்றுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் ஒய்யாளி. இளவயதில் அவர் ஸ்ரீபாதம் தாங்கியாக இருந்தவர். அதாவது, பெருமாள் வீதி வலம் வரும்போது வாகனத்தின் நீண்ட மரத் தண்டுகளைத் தோளில் ஏந்திச் சுமப்பவர். புறப்பாடு முடிந்து கோயிலுக்குத் திரும்புகிற நேரத்தில் சுமப்பவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாகச் சாய்ந்து, முன்னும் பின்னுமாக எட்டு வைத்து வருவார்கள். மேலே பெருமாள் ஊஞ்சலில் இருப்பதுபோல ஆடி வருவார். அந்த நடைக்குப் பெயர்தான் ஒய்யாளி. நம் ஆள் தண்டை இறக்கி வைத்துப் பல வருஷம் ஆகியும் நடையை இறக்கி வைக்கவில்லை. ஆபீஸ் வராந்தாவில் பாத்ரூமுக்குப் போனாலும் வீதி உலா போலத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீ வாங்கி வருகிறவர் லீவு போட்ட நாட்களில் ஒய்யாளிதான் கீழே போய்த் தட்டு நிறைய டீ கிளாஸ்களோடு மாடி ஏறி வருவார். தட்டு இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், நமக்கு நெஞ்சு பதறும். மேஜைமேல் வைத்த பிறகு பார்த்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. அதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் இதே நேர்த்தியைக் கார் ஓட்டுவதிலும் காட்டக்கூடாதா என்று ஏங்கியும் இருக்கிறேன்.

கார் என்றா சொன்னேன்? அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அது வாகனம். புதிதாகத் தார் போட்ட இடத்தில் அது ஹம்ச வாகனம். வேகத்தடை வரிசையாக வந்தால் குதிரை வாகனம். ஜல்லி லாரிகள் உழுது போட்டிருந்த ஐயம்பேட்டைப் பக்கத்துச் சாலையில் யாளி வாகனம். ஒவ்வொன்றும் மாறும்போது திரும்பிப் பார்த்து அறிவிப்பார். "இப்ப குதிரை, மேடம்" என்று அவர் சொன்னதும் டேவிட் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்ல ஆரம்பிப்பார். அவர் சங்கீதம் முடிப்பதற்கும் நாங்கள் வாலாஜாபாத் சேர்வதற்கும் சரியாக இருக்கும். மடியில் வைத்திருந்த பிளாஸ்கிலிருந்து காபி சட்டைப்பைக்குள் போய்விட்டிருக்கும்.

அந்தக் காரின் ஷாக் அப்சார்பர்கள் யாருடைய ஆட்சிக் காலத்தில் உயிரை விட்டன என்று எனக்குத் தெரியாது. செத்துப்போயின என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பிரேக் போட்டால் முன்பக்கம் குப்புறக் கவிழும். கோயில் கோபுரத்துக்கு எதிரே வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் போட்டு, வாகனம் தானாகக் கும்பிடுகிறது பாருங்கள் என்பார். வளைவில் திரும்பினால் நான் டேவிட் மேலும், எதிர்வளைவில் டேவிட் என் மேலும் சாய்ந்து, பிறகு இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். பக்கத்தில் ஒரு லாரி வேகமாகப் போனாலே வண்டி ஒதுங்கிப் போய் நிற்கும். பின்சக்கரத்துக்கு மேலே டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல ஓயாமல் ஒரு சத்தம். எனக்கு அது எமன் தட்டுவதாகத்தான் கேட்கும்.

தன் மைத்துனருடைய புதுக்கார் ஆடாமல் அசையாமல் போகிறது என்று டேவிட் ஒருநாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். ஒய்யாளி கண்ணாடி வழியாக அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆடாம அசையாம எதுல போவாங்க தெரியுமா டேவிட்டு? ஐஸ் பொட்டியில."

 டேவிட் மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நாங்கள் இருவரும் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். முன்சீட்டில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருக்கும். அது அவருடைய மனைவி பத்மாவின் இடம். வேறு யாரும் உட்காரக் கூடாது. பத்மாவும் உட்கார மாட்டார்.

பத்மா வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வண்டி தினமும் அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகும். ஊர்க்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற கணவனின் காரை விட்டுவிட்டு அவர் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"நான் உற்சவ மூர்த்தி இல்லம்மா. எனக்கு இடுப்பு இருக்குது."

அவருக்கு முதுகுத் தண்டில் ஒரு எலும்பு விலகியிருந்தது. காரால் விலகியதா, கரும்பலகை முன்னால் காலமெல்லாம் நின்று விலகியதா என்று டாக்டர் சொல்லவில்லை. விலகிய பிறகு அந்தக் காரில் ஏறினால் அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. வண்டியைச் சரிபண்ணுங்கள், உட்காருகிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை, பழகினால் சரியாகிவிடும் என்று இவர் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. துண்டு மட்டும் சீட்டில் கிடந்தது.

அந்தப் பக்கத்து ஷேர் ஆட்டோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்பக்கம் வெளியே பார்த்தபடி ஒரு பலகை போட்டிருப்பார்கள். பத்மா உட்காருவது அதில்தான். ஒய்யாளி அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயேதான் ஓட்டுவார், அதுவும் முகம் தெரிகிற நெருக்கத்தில். ஆகவே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரை, கணவன் கார் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் மனைவி ஆட்டோப் பலகையில் அந்தப் பக்கமுமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து பயணம் செய்வார்கள். இண்டிகேட்டரை அணைக்கவில்லை என்று அங்கிருந்து பத்மா விரலால் காட்டுவார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாயா என்று இங்கிருந்து இவர் சைகையில் கேட்பார். பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருப்போம். இதைவிடக் கேவலமான நிலையில் ஒரு குடும்பக் காட்சியை யாரும் பார்த்திருக்க முடியாது.

"அவங்க பக்கத்துல ஒக்காந்து வரணும்னுதான் இந்த வாகனத்தயே வாங்குனேன் மேடம்" என்று ஒருநாள் சொன்னார், நான் கேட்காமலே. அப்போதும் ஆட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த வேகத்தடையில் அது போய்விட்டது.

மன்றாடித்தான் அவரைப் பாஷா பாயின் ஒர்க் ஷாப்புக்கு அழைத்துப் போனோம். பாஷா பாய் கைராசிக்காரர், ஆனால் பொறுமை என்பது அவர் குடும்பத்திலேயே கிடையாது. வந்ததும் காரின் முன்பக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்தி விட்டுவிட்டார். சரியான வண்டி என்றால் மேலே வந்து அப்படியே நின்றுவிட வேண்டுமாம். எங்கள் வண்டி மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது, அவர் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்வதுபோலத் தலையாட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் நால்வரும் அது எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒய்யாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா பாய், வாகனத்துக்கு எவ்ளோ உயிர் இருக்குது."

"சார், அது உயிர் இல்ல. உயிர் போனதுக்கு அப்பால வர்ற ஆட்டம்."

பாஷா பாய் அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் ஒழுகி, அதன்மேல் மண் அப்பிப்போய்க் கிடந்தது. டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒழுங்காகத் தேயாமல் மேடும் பள்ளமுமாக இருந்தது. டயர் தரையில் உட்காராமல் குதித்துக் குதித்துப் போவதால் அப்படி, பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காது, மழையில் இன்னும் மோசம் என்றார். எடையைச் சுமப்பது ஸ்பிரிங், அது ஓயாமல் ஆடாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர், உங்களுக்கு நாலும் போய்விட்டது என்று அவரால் முடிந்த நிதானத்தோடு விளக்கினார்.

ஒய்யாளி யோசித்தார். "அப்ப தூக்கறவன் நல்லா கீறான். ஆட்டத்த நிறுத்தறவன்தான் போயிட்டான். போவட்டும் வுடு பாய்."

பாஷா பாய் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வரவே இல்லை. கடையைத் திறந்து போட்டுவிட்டு ஒரு மெக்கானிக் தன் கடையிலிருந்தே ஓடிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

இதில் விளைந்த ஒரே பலன், அந்த அழுத்திப் பார்க்கும் வித்தையை ஒய்யாளி கற்றுக்கொண்டதுதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் வாசலுக்கு அழைத்துப் போய்க் காரை ஓர் அழுத்து அழுத்தி அதன் உயிரைக் காட்டினார். பத்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாராம். நானும் டேவிட்டும் கைவிட்டுவிட்டோம். மனிதனுக்கு ஒரு ஆயுள்தான், அதில் முதுகெலும்பு ஒன்றுதான், அது இந்த வழியில்தான் போகும் என்று எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அந்தக் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐயம்பேட்டையை நெருங்கும்போது முன்னால் ஷேர் ஆட்டோ, பலகையில் மடியில் சாப்பாட்டுப் பையோடு பத்மா, பின்னால் நாங்கள். யாளி வாகனம் என்று ஒய்யாளி அப்போதுதான் அறிவித்திருந்தார். சாலையோரம் நின்ற கன்றுக்குட்டி ஒன்று என்ன நினைத்ததோ, குறுக்கே பாய்ந்தது. ஆட்டோ நின்றது. ஒய்யாளியும் உடனே பிரேக்கை மிதித்தார். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது, பின்பக்கம் எழும்பியது, சக்கரங்கள் பிடிமானமில்லாமல் தத்தித் தத்திப் போயின. பத்மாவின் முகம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் இரண்டு கால்களையும் பலகைமேல் தூக்கிக்கொண்டதைப் பார்த்தேன். டேவிட்டுக்குச் சங்கீதம் மறந்துவிட்டது.

மெல்லிய ஒரு இடி, அவ்வளவுதான். ஒரு கணத்துக்கு முன் பத்மாவின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் எங்கள் பம்பர் போய் முட்டி நின்றது. நின்ற பிறகும் கார் மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வண்டியை உதைக்க வேண்டும் போல இருந்தது.

ஆட்டோக்காரர் பேசியதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. பத்மா இறங்கினார். சாலையில் விழுந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தட்டினார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து ஒய்யாளியின் ஜன்னலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"உள்ள ஒக்காந்தாலும் ஒடையுது. முன்னாடி போனாலும் ஒடைக்க வருது. நான் எங்க ஒக்காரட்டும், சொல்லுங்க."

ஒய்யாளி ஸ்டியரிங்கை விடவே இல்லை.   பத்மா போய் ஆட்டோவில் ஏறினார், ஆனால் பின்பலகையில் இல்லை, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். பலகையில் ஒரு மூட்டைக்காரர் வந்து உட்கார்ந்து எங்களை முறைத்துப் பார்த்தார். ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

ஒய்யாளி வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார்.  அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி வலது தோளைத் தடவினார். தண்டு அழுத்திய இடத்தில் காய்ப்பு இன்னும் கறுப்பாக இருந்தது.

"தோள் எறங்குனது மொதல்ல எனக்குத்தான் தெரியும் மேடம்" என்றார், முன்னால் பார்த்தபடியே. "யாராண்டயும் சொல்லல. எம்பக்கம் தண்டு சாயும். பாக்கற ஜனம், பெருமாள் எப்படி ஆடிக்கினு வர்றாரு பாருன்னு கன்னத்துல போட்டுக்கும். நானும் அத ஒய்யாளின்னே நெனச்சிக்கினேன். அப்பாலதான் தெரிஞ்சுது, முன்னாடி நின்னவனும் பின்னாடி நின்னவனும் எம்பங்கையும் சேத்துத் தூக்கிக்கினு இருந்தானுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல."

அப்புறம் எப்படித்தான் விட்டீர்கள் என்று டேவிட் கேட்டார்.

"ஒரு நா பின்னாடி நின்னவன் எந்தோளுக்குப் பக்கத்துல அவன் தோள உள்ள குடுத்தான். அவ்ளோதான். நான் குனிஞ்சி வெளிய வந்துட்டேன். புறப்பாடு நிக்கக்கூட இல்ல."

எதிரே ஒரு லாரி போயிற்று. எங்கள் வண்டி வழக்கம்போல ஆடியது. அது ஆடி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இதுவும் நொண்டிக்கினுதான் வந்துருக்குது. நான் ஒய்யாளின்னு நெனச்சிக்கினேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதுகுவலி என்று டேவிட்டிடம் சொன்னேன். முதுகும் வலிக்கத்தான் செய்தது.

அங்கிருந்தே வண்டியைத் திருப்பிப் பாஷா பாயிடம் போனோம். எங்களைத் தூரத்தில் பார்த்ததும் அவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார். டேவிட் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாற்றுவதானால் ஒற்றை ஒற்றையாக மாற்றக் கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று சண்டைக்குத் தயாராகச் சொன்னார் பாய். ஒய்யாளி சண்டை போடவில்லை.

"ஒரு பக்கம் மட்டும் ஆள் மாத்துனா பெருமாள் சாஞ்சிடுவாரு. நாலையும் மாத்து பாய்."

பாஷா பாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளர் தன்னோடு ஒத்துப்போன அதிர்ச்சியில் அவருக்கு வேலை தொடங்கவே நேரமாயிற்று. கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்களைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போடப் போனபோது ஒய்யாளி தடுத்தார். சுமந்தவை, அங்கெல்லாம் போடக் கூடாது என்றார். முன்சீட்டில் மடித்துக் கிடந்த துண்டை எடுத்து, எண்ணெயும் மண்ணுமாக இருந்த அந்த இரும்புகளை அதில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல டிக்கியில் வைத்தார். நாங்கள் இருவரும் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அடக்கத்துக்குச் சாட்சியாக நின்றோம்.

இதோடு எல்லாம் சுபம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாளிலிருந்து வண்டி தண்ணீரில் மிதப்பதுபோலப் போயிற்று. டொக் டொக் இல்லை, கவிழ்தல் இல்லை, டேவிட் வாய்வரை கொண்டுபோன காபி வாய்க்குள்ளேயே போனது. ஆனால் ஒய்யாளி வாயைத் திறக்கவில்லை. ஹம்சம் இல்லை, குதிரை இல்லை. குழி வந்தால் பேசாமல் வளைத்து ஓட்டினார், எல்லோரையும் போல. முன்னால் போகிற ஷேர் ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டார். பார்ப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. பத்மா இப்போதெல்லாம் முன்னால்தான் உட்கார்ந்து போனார். பலகையில் யார் யாரோ உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். துண்டும் இல்லாத முன்சீட்டைப் பின்னாலிருந்து பார்க்கவே முடியவில்லை. முதுகுவலி போய்விட்டால் வாழ்க்கையில் வேறு குறையே இல்லை என்று நம்பியிருந்த நான், முதுகுவலி போன பிறகு எவ்வளவு சோர்ந்துபோனேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூப்பிடுங்களேன் சார் என்று டேவிட் ஒருநாள் சொன்னார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று ஒய்யாளி கேட்டார். 

பிறகு ஒரு காலையில், சின்ன காஞ்சிபுரத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தை நாங்கள் தாண்டும்போது அங்கே ஆட்டோ எதுவும் இல்லை. பத்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒய்யாளி கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. வெறுமனே நிறுத்தினார். டேவிட் பழக்கதோஷத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பத்மா நடந்து வந்தார். கதவுக்கு வரவில்லை, காருக்கு முன்னால் போய் நின்றார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். காரின் முன்பக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, பள்ளிக்கூட டீச்சருக்கு உரிய கண்டிப்போடு ஓர் அழுத்து அழுத்தி, கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். 

வண்டி மேலே வந்தது. நின்றது.

பத்மா பையை எடுத்துக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னார். ஒய்யாளி அதை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லை தாண்டியது. ஐயம்பேட்டையின் பாழாய்ப்போன சாலை வந்தது. சக்கரங்கள் குழிகளில் இறங்கி ஏறுவது காதில்தான் கேட்டதே தவிர இடுப்புக்கு வரவில்லை. பத்மா இடுப்பில் கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, இது என்னா வாகனம்?"

ஒய்யாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஹம்சம்" என்றார்.

அதைச் சொன்னதும் அவருடைய வலது தோள் மெல்ல எழுந்து தாழ்ந்தது. பிறகு இடது தோள். வண்டி ஆடவில்லை, நேராகத்தான் போயிற்று. அவர்தான் ஆடினார், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல், எங்கோ கேட்கிற நாதஸ்வரத்துக்கு ஆடுவதுபோல. கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் பத்மாவின் தோளும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல, அந்தப் பக்கம் சாய்ந்தபோது சாய்ந்து, நிமிர்ந்தபோது நிமிர்ந்தது. டேவிட் என்னைப் பார்த்தார். கைப்பிடியை விட்டுவிட்டிருந்தார்.

எப்போதடா ஊர் வந்து சேரும் என்று தினமும் அந்தக் காரில் பெருமாளை வேண்டிக்கொண்டு போனவள் நான். அன்றைக்கு வாலாஜாபாத் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.